10 டன் பார் ஐஸுக்கு மூன்று கொட்டேஷன்: 25 டன், 68,000 கிலோகலோரி, 20 ஜப்பான் டன். எது பெரியது?

உப்புக்காற்று
தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நாளைக்கு 10 டன் பார் ஐஸ் எடுக்கும் அமோனியா பிளாண்ட் போடத் திட்டம். 150 கிலோ கேன், உப்புத்தண்ணீர்த் தொட்டி, கூலிங் டவர். கேனில் ஊற்றும் தண்ணீர் 30 டிகிரி இருக்கும். மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது, மூன்றிலும் மூன்று அளவு.

அ: 25 டிஆர் (குளிர்ச்சி டன்), 40 எச்பி மோட்டார்.
ஆ: 68,000 கிலோகலோரி/மணி, 50 எச்பி மோட்டார்.
இ: 20 ஜப்பான் டன், 50 எச்பி மோட்டார். பழைய இறக்குமதி மெஷின், ஓவர்ஹால் செய்து தருவதாகச் சொல்கிறார்கள்.

விலையில் 'அ' குறைவு. மோட்டாரும் சின்னது, டன்னும் அதிகம். அதையே எடுத்துவிடலாமா? 10 டன் ஐஸுக்கு 10 டன் மெஷின் போதும் என்றும் ஒருவர் சொல்கிறார். விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் கொஞ்சம் விளக்குங்கள்.

பாதரசம்
10 டன் ஐஸுக்கு 10 டிஆர் என்பதை முதலில் மறந்துவிடுங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் அது. டிஆர் என்ற டன், 0 டிகிரியில் இருக்கும் 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் 0 டிகிரித் தண்ணீராக உருகும்போது இழுக்கும் சூடு. அதாவது அமெரிக்கக் குட்டை டன், 907 கிலோ. நம் டன் 1,000 கிலோ. அதோடு, உங்கள் தண்ணீர் 0 டிகிரியில் வரப்போவதில்லை, 30 டிகிரியில் வருகிறது. ஐஸும் 0 டிகிரியில் நிற்காது, உப்புத்தண்ணீர் −10 என்றால் ஐஸ் சராசரியாக −8 வரை போகும்.

அளவுகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 1 டிஆர் = 12,000 பிடியூ/மணி = 3,024 கிலோகலோரி/மணி = 3.517 கிலோவாட். 1 கிலோவாட் = 860 கிலோகலோரி/மணி = 3,412 பிடியூ/மணி. ஜப்பான் டன் 1,000 கிலோ ஐஸை வைத்துக் கணக்கிட்டது: 3,320 கிலோகலோரி/மணி, 3.86 கிலோவாட். நம் டிஆரைவிடக் கிட்டத்தட்ட 10 சதவீதம் பெரியது.

எல்லாவற்றையும் கிலோவாட்டுக்கு மாற்றினால்:
அ: 25 × 3.517 = 87.9
ஆ: 68,000 ÷ 860 = 79.1
இ: 20 × 3.86 = 77.2

இந்த மூன்று எண்ணை வைத்து உடனே முடிவெடுக்க வேண்டாம். எந்த எவாப்ரேட்டர் (அமோனியா கொதித்துச் சூட்டை இழுக்கும் இடம்) வெப்பநிலையில், எந்தக் கண்டென்சர் (அந்தச் சூட்டை வெளியே விடும் இடம்) வெப்பநிலையில் இந்த எண் என்று கொட்டேஷனில் எழுதியிருக்கிறதா? அது தெரியாத வரை 25 டன் என்பதற்குப் பொருளே இல்லை.

உப்புக்காற்று
எடுத்துப் பார்த்தேன். 'அ' இணைப்புத் தாளில் சின்ன எழுத்தில் −10/+35 என்று இருக்கிறது. 'ஆ' −15/+40. 'இ' பெயர்ப்பலகைப் படத்தில் −15/+30. இதில் எது என் பிளாண்டுக்குப் பொருந்தும்?

கேன்தொட்டி
−15/+40 தான் உங்களுக்கு. உப்புத்தண்ணீரை −10இல் வைக்கணும்னா அமோனியா அதைவிட 5 டிகிரியாவது கீழே கொதிக்கணும், அது −15. கூலிங் டவர்ல இருந்து வெயில் காலத்துல 32 டிகிரிக்குக் கீழ தண்ணி எதிர்பார்க்காதீங்க. கண்டென்சர்ல 5 டிகிரி ஏறி 37ல வெளியே போகும், அதுக்கு மேல 3 டிகிரி வித்தியாசம், ஆக 40. கடலோரக் காத்துல ஈரம் அதிகம், டவர் அதுக்குமேல குளுத்தாது. +30, +35 எல்லாம் நம்ம ஊருக்கு மார்கழி ராத்திரிக் கணக்கு.

பாதரசம்
முதலில் உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். ஒரு கிலோ ஐஸுக்கு:

30 டிகிரித் தண்ணீரை 0க்குக் கொண்டுவர: 4.19 × 30 = 126 கிலோஜூல்
உறைய வைக்க: 334
ஐஸை −8 வரை குளிர்விக்க: 2.1 × 8 = 17
மொத்தம் 477 கிலோஜூல்.

10,000 கிலோவுக்கு 47,70,000 கிலோஜூல். ஒரு நாளின் 86,400 விநாடியால் வகுத்தால் 55.2 கிலோவாட், 15.7 டிஆர். தண்ணீர்க் கணக்கு மட்டும் இது. 334ஐ மட்டும் போட்டு 126ஐ விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. சூடான தண்ணீருக்கு மட்டும் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் போகிறது என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு மேல் இழப்பு 20 சதவீதம் வைத்தால் 66.2 கிலோவாட். கம்ப்ரசர் நாளுக்கு 20 மணி நேரம்தான் ஓடும் என்றால் 66.2 × 24 ÷ 20 = 79.5 கிலோவாட், 22.6 டிஆர்.

சுருள்வில்
20 சதவீதம் எங்கிருந்து வந்தது? இப்படி ஒரு குத்துமதிப்பை எல்லோரும் போடுகிறார்கள், பிரித்துக் காட்டுவதில்லை.

பாதரசம்
நியாயமான கேள்வி. 8 × 4 மீட்டர், 1.4 மீட்டர் ஆழத் தொட்டி என்று வைத்துக்கொள்வோம். உப்புத்தண்ணீரைச் சுழற்றும் அஜிடேட்டர் 3 கிலோவாட் என்றால் அந்த 3 கிலோவாட்டும் தொட்டிக்குள்தான் சூடாக இறங்குகிறது. 150 மில்லிமீட்டர் தெர்மோகோல் போட்ட சுவரும் தரையும் சேர்ந்து 0.6 கிலோவாட்தான். ஆனால் மேல் மூடி 50 மில்லிமீட்டர் மரப்பலகை என்றால் அது ஒன்றே 2.5 கிலோவாட்டை உள்ளே விடும். கேனைத் தண்ணீரில் முக்கிப் பாரைக் கழற்றும்போது 3 சதவீத ஐஸ் உருகினால் 1.7 கிலோவாட். கேன் இரும்பைத் திரும்பத் திரும்பக் குளிர்விக்க 0.4. கூட்டினால் 8.2. கம்ப்ரசருக்குப் போகும் சக்ஷன் குழாய் வெளியே இழுக்கும் சூடு, ஐஸ் தெளிவாக வர ஊதும் காற்று, மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போவது எல்லாம் சேர்ந்தால் 11 கிலோவாட் வந்துவிடும். 55.2இல் 20 சதவீதம் அதுதான்.

மூடியைப் பாருங்கள்: சுவரைவிட நாலு மடங்கு. சுவர்த் தெர்மோகோலை 150இலிருந்து 200 ஆக்கச் செலவு செய்பவர்கள், மூடிக்குள் 50 மில்லிமீட்டர் நுரைப்பலகை வைத்தால் கிடைக்கும் லாபத்தை யோசிப்பதில்லை.

சுருள்வில்
சரி, ஒத்துக்கொள்கிறேன். 20 மணி நேரம் மட்டும் ஏன்? 24 மணி நேரமும் ஓட்டினால் மெஷின் சிறிதாகுமே?

கேன்தொட்டி
எண்ணெய் வடிக்கணும், காத்து வெளியேத்தணும், பெல்ட் பார்க்கணும், கரண்ட் போகும். அதோட மே மாசம் தண்ணி 30ல நிக்காது, மேல்தொட்டியில 34, 35 ஆயிரும். இடைவெளி இல்லாம கணக்குப் போட்ட பிளாண்ட் வெயில் காலத்துல, அதாவது ஐஸுக்கு அதிகக் கிராக்கி இருக்குறப்போ, கையை விரிக்கும். 20 மணி நேரத்துக்கு மேல கணக்குப் போடாதீங்க.

பாதரசம்
இப்போது மூன்று மெஷினையும் −15/+40க்குக் கொண்டுவருவோம். கம்ப்ரசர் ஒரு கன அளவு பம்ப். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் ஆவியை இழுக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு கன மீட்டர் ஆவி எவ்வளவு சூட்டைச் சுமக்கிறது என்பது வெப்பநிலையைப் பொறுத்தது.

−10/+35இல் அமோனியா: ஒரு கிலோவுக்கு 1,086 கிலோஜூல் குளிர்ச்சி, ஆவி ஒரு கிலோ 0.418 கன மீட்டர். ஆக ஒரு கன மீட்டருக்கு 2,596 கிலோஜூல்.
−15/+40இல்: ஒரு கிலோவுக்கு 1,054, ஆவி 0.509 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 2,073.

இதோடு வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சியும் (சிலிண்டர் கொள்ளளவில் உண்மையில் உள்ளே வரும் புது ஆவியின் பங்கு) குறையும். அழுத்த விகிதம் 4.6இலிருந்து 6.6க்கு ஏறும்போது, சிலிண்டர் தலையில் மிஞ்சிய வாயு விரிந்து, புது ஆவிக்கு இடம் குறைகிறது. 0.82 இருந்தது 0.75 ஆகும் என்று வைத்தால்: (2,073 ÷ 2,596) × (0.75 ÷ 0.82) = 0.73.

'அ' மெஷின் 25 டிஆர் × 0.73 = 18.3 டிஆர், 64.4 கிலோவாட்.

'இ' மெஷின் −15/+30இலிருந்து +40க்கு வரும்போது 0.91ஆல் பெருக்கினால் போதும், எவாப்ரேட்டர் மாறவில்லை. 70 கிலோவாட், 19.9 டிஆர்.

'ஆ' ஏற்கெனவே −15/+40. 79.1 கிலோவாட், 22.5 டிஆர்.

தாளில் பெரியதாக இருந்த 'அ' உண்மையில் சிறியது. உங்கள் 66.2 கிலோவாட் சுமைக்கு 'ஆ' 20 மணி நேரம் ஓடும், 'இ' 22.7 மணி நேரம். 'அ' 24 மணி நேரம் நிறுத்தாமல் ஓடினாலும் 9.7 டன்தான் தரும், அதுவும் தண்ணீர் 30 டிகிரியில் இருக்கும் நாளில்.

உப்புக்காற்று
இதை எதிர்பார்க்கவே இல்லை. அப்படியென்றால் 'அ'காரர் தவறாக எழுதியிருக்கிறாரா?

பாதரசம்
இல்லை. −10/+35 என்று எழுதித்தான் கொடுத்திருக்கிறார், அந்த நிலையில் 25 டிஆர் உண்மைதான். ஐஸ் பிளாண்டுக்குக் கேட்டபோது அந்த நிலையில் கொடுத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். இனி கொட்டேஷன் கேட்கும்போது "−15/+40இல் எத்தனை கிலோவாட், அதே நிலையில் ஷாஃப்டில் எத்தனை கிலோவாட்" என்று எழுதிக் கேளுங்கள்.

ஈப்போ_குளிர்
மலேசியாவிலிருந்து ஒரு சேர்க்கை. இங்கே வீட்டு ஏசியை எச்பி கணக்கில்தான் விற்பார்கள். 1 எச்பி ஏசி என்றால் சுமார் 9,000 பிடியூ/மணி, 1.5 எச்பி என்றால் சுமார் 12,000. அதாவது இங்குள்ள 1.5 எச்பிதான் இந்தியாவில் 1 டன். இந்த எச்பிக்கும் மோட்டாரின் 746 வாட்டுக்கும் இன்று எந்தத் தொடர்பும் இல்லை, குளிர்ச்சி அளவுக்கு ஒரு வியாபாரப் பெயர். ஊரிலிருந்து வருபவர்கள் 1.5 டன்னுக்குப் பதில் 1.5 எச்பி வாங்கிவிட்டு அறை குளிரவில்லை என்பார்கள். மூன்றில் ஒரு பங்கு குறைவான மெஷினை வாங்கியிருப்பார்கள்.

எதிர்ப்பக்கமும் குழப்பம் உண்டு. 1 டன் 3.5 கிலோவாட் என்றதும் மணிக்கு 3.5 யூனிட் ஓடும் என்று பயப்படுகிறார்கள். 3.5 என்பது அறையிலிருந்து வெளியேற்றும் சூடு. மின்சாரம் அதை சிஓபியால் (ஒரு வாட் மின்சாரத்துக்கு எத்தனை வாட் குளிர்ச்சி என்ற எண்) வகுத்தால் வருவது, சிஓபி 3.5 என்றால் 1 கிலோவாட். அமெரிக்கத் தாள்களில் ஈஈஆர் 12 என்று பார்த்தால் அது வாட்டுக்கு 12 பிடியூ/மணி, 3.412ஆல் வகுத்தால்தான் சிஓபி. இந்திய லேபிளில் உள்ள எண் வாட்டுக்கு வாட், அதை வகுக்கக் கூடாது.

சுருள்வில்
சின்ன கம்ப்ரசர்களிலும் இதே நிலைப் பிரச்சினை இருக்கிறது. டீப் ஃப்ரீசர் கம்ப்ரசர் தாளில் ஆஷ்ரே (அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கம்) நிலை என்று போட்டிருந்தால் −23.3/+54.4. ஏசி கம்ப்ரசருக்கு +7.2/+54.4. ஒரே மோட்டார் எச்பி உள்ள இரண்டின் வாட் எண்ணைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. "ஒரு எச்பிக்கு ஒரு டன்" என்ற பேச்சு ஏசிக்கு ஓரளவு பொருந்தும், ஐஸுக்குப் பொருந்தாது, ஃப்ரீசருக்குக் கிட்டவே வராது.

உப்புக்காற்று
சரி அண்ணாச்சி, இப்போது கரண்ட் கணக்கு. 'ஆ' மெஷினுக்கு 50 எச்பி சரியா? மாதம் எத்தனை யூனிட் வரும்?

பாதரசம்
தயாரிப்பாளர் தாள் இல்லாமல் மதிப்பிட ஒரு வழி. கார்னோ சிஓபி, அதாவது கோட்பாட்டில் எட்டக்கூடிய உச்சம்: எவாப்ரேட்டர் வெப்பநிலையை கெல்வினில் எடுத்து வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். −15 டிகிரி = 258 கெல்வின். 258 ÷ 55 = 4.69. ப்ளக்கிலிருந்து இழுக்கும் மின்சாரத்தைக் கணக்கிட இதில் பாதி எடுங்கள்: 2.35. 79.1 ÷ 2.35 = 33.7 கிலோவாட்.

இப்போது முறையாக. அமோனியாவுக்கு −15/+40இல் இழப்பே இல்லாத சுழற்சியின் சிஓபி 3.74: ஒரு கிலோவுக்கு 1,054 கிலோஜூல் குளிர்ச்சி, 282 கிலோஜூல் அழுத்தும் வேலை. 79.5 ÷ 3.74 = 21.3 கிலோவாட். அழுத்தும்போதும் பேரிங், சீல், பிஸ்டன் வளையத்திலும் போகும் இழப்புகளைச் சேர்த்து 0.70 என்றால் ஷாஃப்டில் 30.4 கிலோவாட். மோட்டார் எஃபிஷியன்சி 0.92 என்றால் மீட்டரில் 33 கிலோவாட்.

கேன்தொட்டி
பெல்ட்டை விட்டுட்டீங்க. வி பெல்ட்ல 3 சதவீதமாவது போகும். தளர்ந்து வழுக்குச்சுன்னா இன்னும் மேல. மோட்டார் ஷாஃப்டுல 31.3, மீட்டர்ல 34.

பாதரசம்
சரி, 34 என்றே வைத்துக்கொள்வோம். மோட்டார் ஷாஃப்டில் 31.3. அதற்கு மேல் 15 சதவீதம் இருப்பு வைத்தால் 36. அடுத்த நிலையான அளவு 37 கிலோவாட், அதுதான் 50 எச்பி. 'ஆ'காரர் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

415 வோல்ட், பவர் ஃபேக்டர் 0.85இல் கரண்ட்: 34,000 ÷ (1.732 × 415 × 0.85) = சுமார் 56 ஆம்பியர். சப்ளையரிடம் இந்த எண்ணை எழுதி வாங்கிவையுங்கள்; ஓட்டிக் காட்டும் நாளில் கிளாம்ப் மீட்டரில் பார்க்கலாம்.

மின்சாரம்: 34 × 20 = 680 யூனிட். அஜிடேட்டர் 3 கிலோவாட் நாள் முழுக்க 72. டவர் பம்பும் ஃபேனும் சேர்ந்து 4 கிலோவாட், 20 மணி நேரத்துக்கு 80. மொத்தம் நாளுக்கு 832, டன் ஐஸுக்கு 83 யூனிட்.

சுருள்வில்
0.70ஐப் பற்றி ஒரு மறுப்பு. நல்ல நிலையில் உள்ள பல சிலிண்டர் கம்ப்ரசர் இதைவிட நன்றாகவே செய்யும், தேய்ந்த வால்வு உள்ளது இதைவிட மோசமாகச் செய்யும். இடம் பார்க்கவும், மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கவும் இந்த எண் போதும். மெஷினை வாங்கக் கையெழுத்துப் போடும்போது தயாரிப்பாளர் அட்டவணையில் −15/+40 வரிசையில் உள்ள ஷாஃப்ட் கிலோவாட்டைத்தான் எடுக்க வேண்டும். கார்னோவில் பாதி என்பதும் எல்லா இடத்திலும் நிற்காது. ஒரே கட்ட அழுத்தத்தில் −30/+45 என்று அமோனியாவை ஓட்ட நினைத்தால் அழுத்த விகிதம் 15 ஆகிவிடும். அங்கே இரண்டு கட்ட அழுத்தம் வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்சார்ஜ் (கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் ஆவி) சூட்டில் எண்ணெய் கருகும்.

பாதரசம்
ஏற்கிறேன். தயாரிப்பாளர் அட்டவணை கையில் இருந்தால் அதுதான் கடைசி வார்த்தை.

உப்புக்காற்று
மூன்று சப்ளையரிடமும் சிலிண்டர் அளவு கேட்டேன். 'அ': 2 சிலிண்டர், 160 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்), 110 ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 560 ஆர்பிஎம். 'ஆ': 2 சிலிண்டர், 160, 110, 700 ஆர்பிஎம். 'இ'க்கு இன்னும் பதில் வரவில்லை.

பாதரசம்
'அ'வும் 'ஆ'வும் ஒரே உடம்பு! வேகம் மட்டும்தான் வேறு.

ஒரு சிலிண்டர்: 0.785 × 0.16 × 0.16 × 0.11 = 0.00221 கன மீட்டர். இரண்டுக்கு 0.00442. 700 ஆர்பிஎம்மில் மணிக்கு 186 கன மீட்டர், 560இல் 149.

உங்கள் தேவையைப் பின்னோக்கிப் பாருங்கள். 79.5 கிலோவாட் ÷ 1,054 = விநாடிக்கு 0.0754 கிலோ, மணிக்கு 271 கிலோ அமோனியா. ஒரு கிலோ 0.509 கன மீட்டர் என்றால் 138 கன மீட்டர். வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி 0.75ஆல் வகுத்தால் 184. 'ஆ' தருவது 186. கச்சிதமாகப் பொருந்துகிறது. டன்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும், போர், ஸ்ட்ரோக், சிலிண்டர் எண்ணிக்கை, ஆர்பிஎம் நான்கையும் கேட்டு இந்தக் கணக்கைப் போட்டால் உண்மை தெரிந்துவிடும். 'இ' மாதிரிப் பழைய மெஷினுக்கு இது இன்னும் முக்கியம்.

உப்புக்காற்று
அப்படியானால் விலை குறைந்த 'அ'வை வாங்கி, மோட்டார் புல்லியை மட்டும் மாற்றி 700இல் ஓட்டினால் 'ஆ' ஆகிவிடுமா?

கேன்தொட்டி
கொள்ளளவு வரும். மோட்டார் தாங்காது. 'அ'வோட மோட்டார் 40 எச்பி, 30 கிலோவாட். 700ல அது 31.3 கேக்கும். சாதாரணமா ஓடுறப்பவே ஓவர்லோடு. தொட்டியை முதல்தடவை குளுத்துறப்போ இன்னும் மோசம்: உப்புத்தண்ணி 30 டிகிரியில இருக்கும், சக்ஷன் அழுத்தம் ஏறும், அடர்த்தியான ஆவியா உள்ளே வரும், மோட்டார் இழுக்குறது சாதாரண அளவைத் தாண்டிப் போகும். அப்போ ஒரு சிலிண்டரை அன்லோடு பண்ணணும், இல்லன்னா சக்ஷன் வால்வைக் கொஞ்சமாத் திறந்து ஆம்பியரைப் பார்த்துக்கிட்டே பொறுமையா இறக்கணும். 37 கிலோவாட் இருந்தாலும் முதல்நாள் இப்படித்தான்.

மோட்டார், ஸ்டார்ட்டர், கேபிள், புல்லி நாலையும் மாத்தினா சரி. ஃப்ளைவீல் 600 மில்லிமீட்டர், மோட்டார் 1,470 ஆர்பிஎம்னு வச்சா, 560க்கு மோட்டார் புல்லி 229, 700க்கு 286. அதுக்கு முன்னால, இந்த மாடலுக்கு அதிகபட்ச ஆர்பிஎம் எவ்வளவுன்னு தயாரிப்பாளர்கிட்ட எழுதி வாங்குங்க. அதோட கண்டென்சர்! 'அ' தாள்ல கண்டென்சர் எந்த அளவுன்னு பாருங்க.

பாதரசம்
கண்டென்சரைச் சொன்னது மிக முக்கியம். தொட்டியிலிருந்து இழுத்த 79.5, ஷாஃப்டில் கொடுத்த 30.4, இரண்டும் சேர்ந்து 110 கிலோவாட் வெளியேற வேண்டும். 5 டிகிரி ஏற்றத்துக்குத் தண்ணீர்: 110 ÷ (4.19 × 5) = விநாடிக்கு 5.25 லிட்டர், மணிக்கு சுமார் 19,000 லிட்டர். டவரை வாங்கும்போதும் கவனம் வேண்டும். டவர்காரர் சொல்லும் டன் குளிர்ச்சி டன் அல்ல, கண்டென்சர் சூட்டையும் சேர்த்த அளவு. அதிலும் ஏசிக்கு வைத்த விகிதத்தில் சேர்த்திருப்பார்கள், ஐஸ் பிளாண்டில் கம்ப்ரசர் பங்கு அதைவிட அதிகம். டவருக்கு டன் சொல்லாமல் "110 கிலோவாட், 37இலிருந்து 32க்கு" என்று சொல்லிக் கேளுங்கள்.

கண்டென்சர் சிறியதாக இருந்தால் அது 40இல் நிற்காமல் 45க்குப் போகும். எதிர்ப்பக்கம் பார்த்தால், 40ஐ 35க்குக் கொண்டுவர முடிந்தால் சிஓபி 3.74இலிருந்து 4.2 ஆகும். அதே ஐஸுக்கு மின்சாரம் 11 சதவீதம் குறையும். நாளுக்கு 680இல் 75 யூனிட். பெரிய கண்டென்சருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் அங்கே திரும்பி வருகிறது.

சுருள்வில்
ஐஸ் சீக்கிரம் உறையட்டும் என்று உப்புத்தண்ணீரை −15க்குக் கொண்டுபோவது இன்னொரு பழக்கம். உறையும் நேரத்துக்கு ஒரு நடைமுறைச் சூத்திரம் உண்டு: மணி = 0.6 × கேனின் குறுகிய பக்கம் செ.மீட்டரில், அதன் வர்க்கம் ÷ உப்புத்தண்ணீர் 0க்குக் கீழே எத்தனை டிகிரி. 28 செ.மீ. கேனுக்கு −10இல் 0.6 × 784 ÷ 10 = 47 மணி. அதனால்தான் நாளைக்கு 67 பார் எடுக்க இரண்டு நாள் அளவுக்கு 134 கேன் வேண்டும், ஓட்டை விழுவதற்கு இன்னும் சில.

−15இல் நேரம் 31 மணியாகும், உண்மை. ஆனால் அமோனியா −20க்கு இறங்கினால் அதே கம்ப்ரசரின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழும், சிஓபி 3.74இலிருந்து 3.3க்கு வரும். கேன் சீக்கிரம் உறையத் தயார், சூட்டை இழுக்கத்தான் மெஷின் இல்லை. ஐஸ் வேகமாக வேண்டும் என்றால் குறுகிய கேன் போடுவது மலிவு.

உப்புக்காற்று
'ஆ'வையே முடிவு செய்கிறேன், கண்டென்சர் 110 கிலோவாட் என்று எழுதி வாங்கிக்கொண்டு. ஓட்டிக் காட்டும் நாளில் நான் என்ன பார்க்க வேண்டும்?

கேன்தொட்டி
உப்புத்தண்ணி −10 வந்து, கேன் எல்லாம் நிரப்பி, ஓட்டம் நிலைச்ச பிறகு பாருங்க. முதல் மணி நேரத்து ரீடிங்கை எழுதாதீங்க.

சக்ஷன் கேஜ்ல 19 முதல் 20 பிஎஸ்ஐ, அது −15. டிஸ்சார்ஜ்ல 210 பிஎஸ்ஐ, அது +40. பழைய கேஜ்ல கிலோ/சதுர செ.மீ. இருந்தா 1.4ம் 14.8ம். கேஜ் காட்டுறது காத்தழுத்தத்துக்கு மேல உள்ளது. அட்டவணையில பார்க்குறப்போ 1.03 கூட்டிப் பாருங்க, இதை மறந்துட்டு சக்ஷன்ல பத்து டிகிரிக்கு மேல தப்பாச் சொல்றவங்க நிறைய.

ஆம்பியர் 56க்குப் பக்கத்துல. டவர் தண்ணி உள்ளே 32, வெளியே 37.

சக்ஷன் 12 பிஎஸ்ஐக்கு இறங்கி, ஆம்பியரும் குறைஞ்சு, உப்புத்தண்ணி மட்டும் குளுராம நின்னா மெஷின் மேல பழி போடாதீங்க. எவாப்ரேட்டர்ல எண்ணெய் தங்கியிருக்கும். அமோனியாவைவிட எண்ணெய் கனம், அடியில உள்ள வடிகால் வழியா எடுக்கணும். இல்லன்னா உப்பு குறைஞ்சு சுருள் மேலயே ஐஸ் பிடிச்சிருக்கும். சாதா உப்புன்னா அடர்த்தி 1.16க்குக் கீழ போக விடாதீங்க.

பாதரசம்
டிஸ்சார்ஜ் 210ஐத் தாண்டி 235, 240 என்று நின்றால் இரண்டு காரணம்: கண்டென்சர் குழாயில் உப்புப்படிவு, அல்லது உள்ளே காற்று. பிரித்தறிய, கம்ப்ரசரை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் ஓட விடுங்கள். கண்டென்சருக்குள் போகும் தண்ணீரும் வரும் தண்ணீரும் ஒரே வெப்பநிலைக்கு வந்ததும் கேஜைப் பாருங்கள். தண்ணீர் 32 டிகிரி என்றால் சுத்தமான அமோனியா 165 பிஎஸ்ஐதான் காட்ட வேண்டும். 180 காட்டினால் மிச்சம் 15 பிஎஸ்ஐ காற்று. அதை பர்ஜ் வால்வு வழியாக, குழாய் முனையைத் தண்ணீர் வாளிக்குள் வைத்து வெளியேற்றுங்கள். அமோனியா தண்ணீரில் கரையும், காற்று குமிழாக மேலே வரும். குமிழ் நின்று வெறும் சலசலப்புச் சத்தம் வந்ததும் வால்வை மூடிவிடுங்கள். முகமூடியும் கையுறையும் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

165க்கே வந்து நின்றால் காற்று இல்லை. குழாயைத் திறந்து பிரஷ் போட வேண்டியதுதான்.

உப்புக்காற்று
'இ'காரரும் இப்போது போர், ஸ்ட்ரோக் அனுப்பிவிட்டார்: 4 சிலிண்டர், 95, 76, 1,000 ஆர்பிஎம்.

பாதரசம்
0.785 × 0.095 × 0.095 × 0.076 × 4 = 0.00215 கன மீட்டர். 1,000 ஆர்பிஎம்மில் மணிக்கு 129. பெயர்ப்பலகையில் உள்ள 20 ஜப்பான் டன் வர சுமார் 1,250 ஆர்பிஎம் வேண்டும். 1,000இல் உங்கள் நிலையில் 56 கிலோவாட்தான் கிடைக்கும், 16 டிஆர். எந்த வேகத்துக்கு அந்தப் பெயர்ப்பலகை எழுதப்பட்டது என்று அவரிடம் கேளுங்கள்.